கரை தெரியும் தூரம்

பாலத்திலிருந்து காலில் கயிறு கட்டிக்கொண்டு குதித்தவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வரப்போவதைப் படித்துவிட்டு இவள் ஒரு பயந்தாங்கொள்ளி என்று யாரும் முடிவு கட்டிவிடக்கூடாது. நியூசிலாந்தின் தென் தீவில், ஆழமான ஒரு ஆற்றுக்கு மேலே, நாற்பத்திரண்டு வயதில், மூக்குத்தியைக் கழற்றிக் கைப்பைக்குள் பத்திரப்படுத்திவிட்டுக் குதித்தேன். கீழே போகும்போது வாயில் வந்த கெட்ட வார்த்தை தமிழில் இருந்ததால் அங்கே யாருக்கும் புரியவில்லை. கூட வந்த என் சிநேகிதிக்கு மட்டும் புரிந்தது. என்னை மேலே இழுத்து நிறுத்திய பிறகு, "எண்ணூர் ரோட்டு லாரிக்காரங்ககூட இப்டிப் பேச மாட்டாங்கடி" என்றாள்.

அப்படிப்பட்டவள், அதே பயணத்தின் ஐந்தாம் நாள், முழங்கால் அளவுத் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்த ஒரு பிளாஸ்டிக் படகுக்குள் கால் வைக்க மாட்டேன் என்று நின்றேன்.

சிநேகிதியும் நானும் திருவொற்றியூரில் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. அவள் அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து மார்க்கெட் தெருவில் மளிகைக் கடை போட்டவர். நான் கடலோரக் குப்பத்துப் பெண். நைனா மீன் பிடிக்கப் போவார், அம்மா மீன் விற்பாள். எதைப் பார்த்தாலும் அதன் மேல் ஏறிப் பார்க்க வேண்டும் என்பது சிநேகிதிக்கு ஒரு வியாதி. பள்ளிக்கூடத்துச் சுவர், தண்ணீர்த் தொட்டி, கடைக்கு வந்து நிற்கும் மூட்டை லாரி, எல்லாவற்றின் மேலும் ஏறி இறங்கிவிட்டாள். நர்சு படிப்பு முடித்ததும் விமானத்தில் ஏறினாள். பதினாறு வருடமாக கிறைஸ்ட்சர்ச்சில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. அங்கே வயதானவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டுகிறாள், விடுமுறையில் மலையிலிருந்து குதிக்கிறாள். வாரம் ஒரு தடவையாவது நாங்கள் பேசாமல் இருந்ததில்லை.

நான் ஊரை விட்டு எங்கும் போகவில்லை. கல்யாணம் அமையவில்லை, அதற்கு வேறு காரணங்கள் உண்டு, இங்கே வேண்டாம். அம்மாவோடு அதே குப்பத்தில், அதே வீட்டில்தான் இருக்கிறேன். ராயபுரத்தில் ஒரு கப்பல் சரக்கு ஏஜென்சியில் வேலை. எந்தச் சரக்கு, எத்தனை பெட்டி, எந்தத் துறைமுகத்துக்கு என்று காகிதம் தயார் செய்ய வேண்டும். உலகத்தில் எந்தத் துறைமுகம் எந்த நாட்டில் இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் கப்பலில் ஏறியது கிடையாது. பெரியவளான பிறகு படகில்கூட ஏறியது கிடையாது. ஆபீசில் யாராவது "நீங்க கடல்காரங்களாச்சே, உங்களுக்கென்ன" என்பார்கள். நானும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு அடுத்த காகிதத்தை எடுப்பேன்.

"லீவெல்லாம் சேத்து வெச்சி இன்னா பண்ணப் போற? ரெண்டு வாரம் வா. கார்லயே தீவச் சுத்துவோம். முட்டி வலி வந்த பெறவு வந்தா கார்லேர்ந்து இறங்கவே மாட்ட" என்று ஒரு நாள் போனில் சொன்னாள். அதட்டினால் கேட்க மாட்டேன். கெஞ்சினால் ஒருவேளை யோசிப்பேன். அவள் இரண்டும் செய்யாமல் விசாவுக்கு வேண்டிய காகிதங்களை அனுப்பிவிட்டாள். காகிதம் என்று வந்துவிட்டால் எனக்குக் கை சும்மா இருக்காது.

அம்மாவுக்கு அறுபத்தாறு வயது. இன்றைக்கும் விடியுமுன் காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்துவந்து விற்கிறாள். நான் கிளம்பும்போது எனக்குத் தெரியாமல் நெத்திலிக் கருவாட்டை ஏழு கவருக்குள் போட்டு, என் நைட்டியைச் சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறாள். அந்த ஊர் விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்ததும் எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் நாகரிகமாக இரண்டடி தள்ளிப் போனார்கள். கையுறை போட்ட அதிகாரி அதை ஒரு தட்டில் வைத்து உள்ளே எடுத்துப் போனார். கருவாடு திரும்பி வரவில்லை. அம்மாவிடம் போனில் சொன்னபோது, "துன்னத் தெரியாதவனுங்க கையில குடுத்துட்டு வந்து நிக்கிற" என்று என்னைத்தான் திட்டினாள்.

சிநேகிதியின் கார் பழையது, வெள்ளி நிறம். பின் சீட்டில் ரைஸ் குக்கர், ஒரு மூட்டை பொன்னி அரிசி, உள்ளே புகுந்து தூங்குகிற இரண்டு பைகள். அந்த ஊர்ச் சாலையில் மனிதர்களைவிட ஆடுகள் அதிகம். பெரிய கடையில் மீன் வாங்கப் போனால் தலையும் வாலும் வெட்டி எறிந்துவிட்டு நடுத்துண்டை மட்டும் பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்திருக்கிறார்கள். எது எந்த மீன் என்று மூஞ்சியைப் பார்க்காமல் எப்படித் தெரியும்? அதைச் சொல்லிச் சொல்லி அவளை நச்சரித்தேன். முதல் நாள் ஒரு காட்டுக்கு மேலே கம்பியில் தொங்கிக்கொண்டு போனோம். இரண்டாம் நாள் பாலம். நான்காம் நாள், முதுகில் ஒரு ஆளைக் கட்டிக்கொண்டு பாராசூட்டில் ஒரு மலையிலிருந்து இறங்கினேன். மேலே இருந்த அந்தப் பத்து நிமிடமும் நான் சிரித்துக்கொண்டே இருந்தேன் என்று கட்டியிருந்த ஆள் அவளிடம் சொன்னாராம்.

நடுவில் மூன்றாம் நாளை விட்டுவிட்டேன். அன்றைக்கு ஆற்றில் விசைப்படகு ஓட்டம். நான் வயிற்று வலி என்று சொல்லி அறையிலேயே படுத்துக்கொண்டேன். அவள் போகவில்லை, என்னோடேயே இருந்து கஞ்சி வைத்துக் கொடுத்தாள். மத்தியானம் பசி தாங்காமல் இரண்டு தட்டு உருளைக்கிழங்கு வறுவல் தின்றேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஐந்தாம் நாள் தீவின் வடக்கு முனைக்குப் போனோம். மஞ்சள் மணலும் அடங்கிய தண்ணீருமாக ஒரு விரிகுடா. அலை என்று சொல்ல எதுவுமில்லை, எங்கள் கடல் அதைப் பார்த்தால் சிரிக்கும். இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து துடுப்புப் போடுகிற மெல்லிய படகு. வாடகைக்குக் கொடுக்கிற அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். சிவப்புச் சட்டை, இடுப்பில் இரண்டு கை. மணலில் உட்கார வைத்துத் துடுப்பை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக் கொடுத்தார். என் கழுத்தில் மிதவைச் சட்டையை மாட்டினார், போன் நனையாமலிருக்கக் கழுத்தில் தொங்கவிடுகிற ஒரு கண்ணாடிப் பையும் கொடுத்தார். சிநேகிதி வாய் சும்மா இருக்காமல், இவள் அப்பா மீனவர், படகுக்காரக் குடும்பம் என்று ஆங்கிலத்தில் பெருமையாக அவிழ்த்துவிட்டாள். அந்த அம்மா முகம் மலர்ந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

சிநேகிதி முன்னால் ஏறி உட்கார்ந்துவிட்டாள். நான் தண்ணீரில் நின்றேன். ஒரு காலைத் தூக்கினேன், வைத்துவிட்டேன். மறுபடி தூக்கினேன், மறுபடியும் தண்ணீருக்குள்ளேயே வைத்தேன்.

"இன்னாடி, சூடா கீதா தண்ணி?" என்றாள்.

"நீ போய்ட்டு வா. நான் இங்க உக்காந்திருக்கேன்."

"வயித்து வலியா?"

அந்தக் கேள்வியில் கிண்டல் இருந்தது. கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தவள் என் முகத்தைப் பார்த்ததும் கிண்டலை விட்டுவிட்டாள். படகிலிருந்து இறங்கி வந்து, என்னை மணலுக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தாள். முப்பத்தோரு வருடமாக யாரிடமும் சொல்லாததை அங்கே சொன்னேன்.

எங்கள் குப்பத்தில் பெண்கள் படகில் ஏறக்கூடாது. படகு வாங்கக் கம்மலைக் கழற்றிக் கொடுக்கலாம். அது கரைக்கு வந்ததும் மீனைச் சுமக்கலாம், ஏலத்தில் கத்தலாம், தெருத் தெருவாக விற்கலாம். ஏறக்கூடாது. ஏறினால் படகுக்கு ஆகாது. ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை, அதனால் யாரும் கேட்டதுமில்லை. அம்மா விடியற்காலையிலேயே கரையில் போய், படகுகள் வரும் திசையைப் பார்த்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பாள். நைனா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் அதைச் சொல்லிக் கிண்டல் செய்வார்.

"கரையில அம்பது பேரு நின்னாலும் உன்ன கண்டுக்குவேன். இடுப்புல கைய வெச்சிகினு, கடன்காரனப் பாக்க வந்தா மாதிரி நிக்கிறது நீ ஒருத்திதான்."

"யோவ், பொய்ய கொறச்சிக்கோ. அவ்ளோ தூரத்துலேர்ந்து மனுசாள் தெரியுமா?" என்பாள் அம்மா.

"நீ வந்து பாத்தியா?"

"என்ன இட்டுகினு போனா பாப்பேன்."

அதோடு பேச்சு முடிந்துவிடும். இந்தச் சண்டையை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை.

எனக்குப் பதினோரு வயது. பரீட்சை முடிந்த மத்தியானம். ஆண்கள் எல்லாம் நிழலில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அப்போது எங்கள் கரையில் மணல் இருந்தது, படகுகளை மேலே இழுத்துப் போட்டிருப்பார்கள். சிநேகிதி என்னோடு வந்திருந்தாள். எங்கள் படகைக் காட்டினேன். ஏறி உட்கார்ந்து பார்க்கலாம் என்றாள். கூடாது என்றேன். "அப்ப அது உங்க படகு இல்ல, சும்மா கதை வுட்ட" என்றாள். அந்த ஒரு வார்த்தை போதும். அவளுக்கு முன்னால் நான் ஏறினேன்.

ஏறும்போது விளிம்பில் இடித்து என் பச்சைக் கண்ணாடி வளையல் உடைந்தது. மணிக்கட்டில் ஒரு கீறல். துண்டுகளைப் பொறுக்கிக் கடலில் எறிந்தோம். படகின் முன்பக்கம், அணியம் என்போம், அதில் அவளும் நானும் ஒட்டி உட்கார்ந்து, அவள் அப்பா கடையிலிருந்து கொண்டுவந்த கடலை மிட்டாய் தின்றோம். அவள் கையாலேயே துடுப்புப் போட்டாள். இலங்கை வந்துவிட்டது, பர்மா வந்துவிட்டது என்று கத்தினாள். அந்தக் கால் மணி நேரம் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. வாழ்க்கையில் அதுபோல இன்னொரு மத்தியானம் எனக்கு வாய்க்கவில்லை.

மறுநாள் காலையில் நைனாவின் படகு கரையேறும்போது கவிழ்ந்தது. இன்ஜின் கடலோடு போனது. நைனாவுக்கு இடது தோள் எலும்பு முறிந்தது. கூடப் போயிருந்த சித்தப்பா முறைக்காரர், நீந்திக் கரை சேர்ந்து, இடுப்புத் துணியில் முடிந்து வைத்திருந்த ஒரு பச்சை வளையல் துண்டை எடுத்துக் காட்டினார். நடுக்கடலில் வலையை இழுக்கும்போது அது அவர் உள்ளங்கையில் குத்தியிருக்கிறது. நாங்கள் பொறுக்காமல் விட்ட துண்டு.

சாயங்காலம் ஊர்ப் பஞ்சாயத்து கூடியது. அம்மாவைக் கூப்பிட்டார்கள். போய்விட்டு வந்தவள் நேராக உலை வைத்தாள். மறுநாள் பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. படகில் ஏறியது அம்மாதான் என்று ஆகியிருந்தது. ஒரு வருடம் எங்கள் கரை ஏலத்தில் அவள் நிற்கக்கூடாது. அம்மாவின் கையிலும் அப்போது பச்சை வளையல்தான். அதைப் பார்த்து முடிவு கட்டிவிட்டார்கள் என்று நினைத்தேன். எனக்கு வாய் இருந்தது, திறக்கவில்லை. மிச்சமிருந்த வளையல்களைக் கழற்றிச் சாக்கடையில் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அம்மா அன்றிலிருந்து முதல் பஸ் பிடித்துக் காசிமேட்டுக்குப் போகத் தொடங்கினாள். வருடம் முடிந்த பிறகும் எங்கள் கரைக்குத் திரும்பவில்லை. அலுமினியக் கூடையை எடுத்துக்கொண்டு அவள் கதவைச் சாத்துகிற சத்தத்தில் இன்றைக்கும் எனக்கு விழிப்பு வருகிறது. அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். அவள் வீடு திரும்பும்போது நான் ஆபீசில் இருப்பேன். நைனாவுக்குத் தோள் சேர்ந்து மறுபடி கடலுக்குப் போனார். பல வருடம் கழித்துக் காமாலையில் போய்ச் சேர்ந்தார். அவரிடமும் சொல்லவில்லை.

கேட்டுக்கொண்டிருந்த சிநேகிதி ஈர மணலைத் தோண்டிக்கொண்டே இருந்தாள்.

"நாந்தான ஏறுன்னு சொன்னேன்" என்றாள் கடைசியில்.

"இப்டி ஆகும்னுதான் உங்கிட்ட சொல்லல."

"அத்தையக் கூப்பிடு. எங்கிட்டச் சொன்னத உங்கம்மாகிட்டயும் அப்டியே சொல்லு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உனக்கென்ன, நீ ஏறிப் பறந்துவிட்டாய், நான்தான் அந்தக் கதவுச் சத்தத்தோடு இருக்கிறேன் என்று கத்தினேன். சிவப்புச் சட்டை அம்மா திரும்பிப் பார்த்துவிட்டு நாசூக்காகக் கொஞ்ச தூரம் தள்ளிப் போனார். சிநேகிதி பதிலுக்குக் கத்தவில்லை. "சரி, திட்டு. திட்டிட்டுக் கூப்பிடு" என்றாள். அவளிடம் எனக்குப் பிடித்ததும் பிடிக்காததும் இதுதான்.

அங்கே மணி ஒன்று. காசிமேட்டில் விடியற்காலை ஐந்தரை. வீடியோவில் கூப்பிட்டேன். முதலில் ஒரு கூடை நிறையக் காரப்பொடி மீன் தெரிந்தது, அப்புறம் அம்மாவின் மூக்கு, அப்புறம் முழு முகம்.

"இன்னாடி இந்நேரத்துல? ஒடம்பு கிடம்பு சரியில்லியா? சீக்கிரம் சொல்லு, ஏலம் வுட்டுகினு கீறாங்க."

யோசித்தால் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும். "அம்மா, அன்னிக்கி நைனா படகுல ஏறுனது நான். வளையல் என்னுது" என்று சொல்லிவிட்டேன்.

பின்னால் யாரோ விலை கூவிக்கொண்டிருந்தார்கள். அம்மா போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

"தெரியும்" என்றாள்.

"எப்டித் தெரியும்?"

"மொத நாள் ராத்திரி சோத்துத் தட்டுக்குக் கைய நீட்ன. மணிக்கட்டுல கீறல் இருந்துச்சி. இன்னான்னு கேட்டா இஸ்கூல்ல வுழுந்துட்டேன்னு சொன்ன. மறுநாள் அந்தாளு வளையல் துண்டு எட்த்து வெச்சப்போ எனுக்குப் புரிஞ்சிபோச்சி. யாருதுன்னு கேட்டாங்க. என்னுதுதான்னு சொன்னேன்."

அதுவரை எனக்குத் தெரியாது. அவர்களாக முடிவு கட்டவில்லை. அவளாகத்தான் கையை நீட்டியிருக்கிறாள்.

"ஏம்மா அப்டிச் சொன்ன?"

"வேற இன்னா சொல்லச் சொல்ற? நீதான்னு சொன்னா, கூட யாருன்னு கேப்பாங்க, நீ தனியா ஏறுற ஆளில்லன்னு ஊருக்கே தெரியும். மளிகைக் கடைக்காரர் பொண்ணுன்னு தெரிஞ்சா அந்தக் கடையில ஒரு வாளி, ஒரு டப்பா மிஞ்சியிருக்குமா? உன் நைனா உன்ன இஸ்கூலுக்கு அனுப்பறத நிறுத்தியிருக்கும். உனுக்கு இருந்தது அந்த ஒரு தோஸ்துதான். அதயும் புடுங்கிட்டா நீ இன்னா பண்ணுவ?"

சிநேகிதி என் தோளுக்குப் பின்னாலிருந்து போனுக்குள் தலையை நீட்டினாள். "அத்த" என்றாள். மணல் ஒட்டிய புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

"நீயும் கீறியா? அழாத. முப்பது வருசத்துக்கப்பால அழுது இன்னா ஆவப்போவுது" என்றாள் அம்மா.

"எங்கிட்ட ஏன் கேக்கல?" என்றேன் நான். கோபமாகத்தான் கேட்டேன். யார் மேல் கோபம் என்று எனக்கே தெரியவில்லை.

"நீயா வந்து சொல்லுவேன்னு பாத்தேன். சொல்லல. ஒரு வருசம் உம்மேல கோவம் இருந்துச்சி. கொழம்புல உனுக்குத் தலையப் போடாம வால்துண்டே போட்டுகினு இருந்தேன். உனுக்கு அதுகூடத் தெரில."

தெரியவில்லைதான். அந்த வருடம் வால்துண்டே தின்றது எனக்கு நினைவிருக்கிறது. மீன் கிடைக்காத காலம் என்று நினைத்துக்கொண்டேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

"நாங்க ஏறுனதாலதான் கவுந்துச்சாம்மா?"

"மொதல்ல நானும் அப்டிதான் நெனச்சேன். அப்பால அதே எடத்துல இன்னும் மூணு படகு கவுந்துச்சி. அதுல எந்தப் பொம்பள ஏறுனா? அந்த வருசந்தான் நம்ம கரையில ஒரு பக்கத்துல கருங்கல்லக் கொட்ட ஆரம்பிச்சாங்க. அலை அதுல மோதித் திரும்புது. உன் வளையலு அலையத் திருப்புமா? இப்ப இன்னாத்துக்கு இதெல்லாம் ஞாபகம் வந்துச்சி உனுக்கு?"

போனைத் திருப்பிப் படகைக் காட்டினேன். இவள் இதில் ஏறச் சொல்கிறாள், எனக்குக் கால் வரவில்லை என்றேன். அம்மா கொஞ்ச நேரம் அந்தப் படகைப் பார்த்தாள். விலை கூவுகிற சத்தம் ஓய்ந்து மறுபடி தொடங்கியது. யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "இருப்பா, வரேன்" என்று அவரை அடக்கினாள். பிறகு, இதுவரை நான் கேட்டிராத ஒரு சின்னக் குரலில் கேட்டாள்.

"உள்ள உக்காந்தா எப்டி இருக்கும்?"

எனக்கு அந்தக் கேள்வி முதலில் விளங்கவில்லை. அப்புறம்தான் விளங்கியது. படகில் ஏறிய குற்றத்துக்கு ஒரு வருடம் தண்டனை அனுபவித்தவள், பிறந்ததிலிருந்து அறுபத்தாறு வருடம் கடலுக்கு முன்னாலேயே நின்றவள், ஒரு தடவைகூடப் படகுக்குள் உட்கார்ந்ததில்லை. நானாவது கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். கடலை மிட்டாய்கூடத் தின்றிருக்கிறேன்.

"எனக்கு ஞாபகமில்லம்மா. இரு, பாத்துச் சொல்றேன்" என்றேன்.

போனைக் கழுத்துப் பைக்குள் போட்டு, கேமராவை வெளியே பார்க்கிற மாதிரி வைத்தேன். சிநேகிதி முன்னால் உட்கார்ந்தாள். நான் காலைத் தூக்கினேன். படகு ஒரு பக்கம் சாய்ந்தது, அவள் துடுப்பைத் தண்ணீரில் ஊன்றிப் பிடித்துக்கொண்டாள். உட்கார்ந்துவிட்டேன். சிவப்புச் சட்டை அம்மா பின்னாலிருந்து தள்ளிவிட்டார். அடியில் மணல் உரசுகிற சத்தம் நின்றது.

"உக்காந்துட்டியா?" கழுத்திலிருந்து அம்மாவின் குரல்.

"உக்காந்துட்டேன்."

"எப்டி கீது?"

"அடியில ஒண்ணுமே இல்லாத மாதிரி கீதும்மா. ஆனா தாங்குது."

"ம்" என்றாள்.

நான் துடுப்பைத் தப்புத் தப்பாகப் போட்டேன். படகு வட்டமடித்தது. சிநேகிதி திட்டிக்கொண்டே நேராக்கினாள். முன்னால் திறந்த கடல். அதைக் காட்டலாம் என்று போனைக் கையில் எடுத்தேன்.

"அத எதுக்குக் காட்ற? கடலத்தான் தெனம் பாக்கறனே. கரையக் காட்டு" என்றாள் அம்மா.

திரும்பினோம். மஞ்சள் கோடாக மணல், அதற்கு மேலே மரங்கள், எங்கள் கார் ஒரு பொட்டாக. இவ்வளவு தூரம் வந்துவிட்டோமா என்று எனக்கே பயமாக இருந்தது. கரையில் நாலைந்து பேர் நடமாடிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தர் மட்டும் அசையாமல், எங்கள் பக்கமே பார்த்து, இடுப்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றார். படகுக்கார அம்மா. முகம் தெரியவில்லை. ஆனால் அவர்தான் என்று சந்தேகமில்லாமல் தெரிந்தது.

"அந்தச் செவப்புச் சட்ட போட்டுகினு நிக்கிறாளே, அவ யாரு?" என்றாள் அம்மா.

"படகு குடுத்தவங்க. உனுக்குத் தெரியிதா?"

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று போனைத் திருப்பினேன். அம்மா அங்கேதான் இருந்தாள். சுற்றிலும் கூடைகளும் கால்களும் போய்க்கொண்டிருக்க, போனைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியிது" என்றாள். "மெய்யாலுமே தெரியிது."

சிநேகிதி துடுப்பை மடியில் வைத்துவிட்டுத் திரும்பினாள். படகு தன்பாட்டுக்கு மிதந்தது.

"அப்போ உன் நைனா பொய்யி சொல்லல. என்னப் பாத்துகினுதான் வந்துகீது" என்றாள் அம்மா. முந்தானையால் முகத்தை ஒரு தடவை துடைத்துக்கொண்டாள். அப்புறம் அவளுடைய பழைய அதட்டல் குரல் வந்துவிட்டது. "அங்கியே இன்னாடி நின்னுகினு கீறீங்க? இன்னும் கொஞ்சம் உள்ள போங்க. அப்பவும் தெரியிறாளா பாப்போம்."

துடுப்பைப் போட்டோம்.